தீவகத்து இடைநிலை வகுப்பறையிற் காலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் கிடக்கும் தீவுகளிலே பிள்ளைகளின் கல்வி இரண்டாகப் பிரியும் இடம் ஆறாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பிலே புலமைப்பரிசிற் பரீட்சை வருகின்றது. அதிலே உயர்ந்த புள்ளி பெற்ற பிள்ளை யாழ்ப்பாண நகரத்துக் கல்லூரி ஒன்றை நாடிப் போகின்றது. புள்ளி குறைந்தாலும், நகரத்திலே உறவினர் வீடோ வாடகை அறையோ ஒழுங்குசெய்ய இயலுமான பெற்றோரின் பிள்ளையும் போய்விடுகின்றது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் ஊர்காவற்றுறைக் கிராமங்களிலும் ஆறாம் வகுப்பு வாங்குகளில் வந்து அமர்வோர் எஞ்சியோரே.

வரலாற்றை நோக்கின் இது விசித்திரமான நிலை. 1940களிலே கல்வி அமைச்சராயிருந்த சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் திட்டத்திலே, புலமைப்பரிசில் என்பது வறிய கிராமத்துப் பிள்ளையைக் கிராமப்புறத்து மத்திய பாடசாலைக்குக் கொண்டுவருவதற்காக ஏற்பட்டது. மத்திய பாடசாலைகள் பெருநகரங்களுக்கு வெளியே அமைந்தமையே அத்திட்டத்தின் உயிர்நிலை. வேலணை மத்திய கல்லூரியின் பெயரிலே அந்நோக்கம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. கிராமத்துக்கு நல்ல கல்வியைக் கொண்டுவரும் கருவியாகப் பிறந்த பரீட்சை, காலப்போக்கிலே கிராமத்திலிருந்து பிள்ளையைக் கொண்டுபோகும் கருவியாயிற்று.

ஆறு முதல் ஒன்பது வரையுள்ள கனிட்ட இடைநிலை வகுப்புகளை ஆராய்வோர் இதனை மறத்தலாகாது. தீவகத்திலே அவ்வகுப்புகளிற் கற்போர், ஐந்தாண்டு தம்மோடு ஒன்றாயிருந்த தோழர் சிலர் தோணியேறிப் போனதைக் கண்டவர்கள். தாம் எஞ்சியவர் என்பதைப் பதினொரு வயதிலேயே அறிந்துகொண்டவர்கள். அவர்களுக்கு வகுப்பறையிலே கிடைக்கும் கற்பித்தல் எத்தகையது, அது எவ்வாறு மேம்படலாம் என்பனவே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுவன.

தீவகக் கல்வியின் குறைகளாகப் பேசப்படுவன பலரும் அறிந்தவை. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு ஆசிரியர் போதாமை. வந்தவரும் கட்டாய சேவைக்காலம் முடிந்தவுடன் இடமாற்றம் பெற்றுப் போதல். ஆய்வுகூடமும் நூலகமும் பெயரளவில் இருத்தல். கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பாடசாலைகளை வகைப்படுத்தி ஆசிரியருக்குப் படி வழங்கும் முறையும் இவற்றை ஒப்புக்கொண்டே ஏற்பட்டது. இவையெல்லாம் உண்மையே. ஆயின் இவற்றின் அடியில் ஓடும் குறை ஒன்றுண்டு. அது காலக்குறை. கற்பித்தல் பற்றிய ஆய்வுகள் கடந்த அறுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்தடையும் இடமும் காலமேயாதலின், அதனை முன்னிறுத்தி நோக்குதல் பயன் தரும்.

1963 ஆம் ஆண்டிலே ஜோன் கரோல் என்னும் அமெரிக்க உளவியலாளர் பாடசாலைக் கற்றலுக்கு ஒரு மாதிரியை வகுத்தார். கூர்மதி, மந்தமதி என்று மாணாக்கரைப் பிரித்துவந்த உலகிலே அவர் கூறியது எளிமையானது, ஆனால் துணிவானது. திறமை என்பது, ஒன்றைக் கற்றுக்கொள்ள ஒருவனுக்கு வேண்டிய காலத்தின் அளவு. ஒருவன் எவ்வளவு கற்றான் என்பது, அவனுக்கு வேண்டியிருந்த காலத்துக்கும் அவன் உண்மையிற் கற்றலிலே செலவிட்ட காலத்துக்கும் உள்ள விகிதம். கற்பித்தல் தெளிவற்றதாயின் வேண்டிய காலம் நீளும், தெளிவாயின் குறுகும். இதனை அடிப்படையாகக் கொண்டு பெஞ்சமின் புளூம் 1968 இலே தேர்ச்சிக் கற்றல் என்னும் கோட்பாட்டை முன்வைத்தார். போதிய காலமும் தக்க உதவியும் அளித்தால் மாணாக்கரிற் பெரும்பாலார் பாடத்திலே தேர்ச்சி அடைவர் என்பது அதன் சாரம்.

தமிழ் மரபிலே கற்பித்தல் பற்றிய சிந்தனை உண்டோ எனக் கேட்பாருக்கு விடை தந்தவர் தீவகத்தவரே. ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பனிலே 1913 இற் பிறந்த தனிநாயக அடிகள், இலங்கைப் பல்கலைக்கழகத்திலே கல்வித்துறை விரிவுரையாளராயிருந்த காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வேடு, பண்டைத் தமிழ் இலக்கியத்திலே கல்விச் சிந்தனையைப் பற்றியது. அடிகள் ஆராய்ந்த காலத்துக்குப் பிற்பட்ட நன்னூலோ, தன் பொதுப்பாயிரத்திலே ஆசிரியனது இயல்பு, பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கனது இயல்பு, பாடங்கேட்கும் முறை என நால்வகையாலும் இலக்கணம் கூறுகின்றது. இடமும் காலமும் நோக்கி, கொள்பவனின் கொள்திறன் அறிந்து பாடஞ்சொல்லல் வேண்டும் என்று விதிக்கும் அதே நூல், மாணாக்கரை அன்னமும் பசுவும் போல்வார், மண்ணும் கிளியும் போல்வார், பொள்ளற்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வார் என மூன்று தரமாகவும் வகுக்கின்றது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுவன எனலாம். கொள்திறன் அறிந்து சொல்வதே ஆசிரியன் கடனாயின், எருமையென ஒருவனைத் தள்ளுதற்கு இடமேது? தீவகத்து ஆசிரியர் அறைகளிலே பெரிதும் வாழ்வது நன்னூலின் இரண்டாவது கூற்றே. "நல்ல பிள்ளையள் எல்லாம் ரவுணுக்குப் போட்டுது" என்னும் வாக்கியத்திலே எருமையும் பொள்ளற்குடமும் ஒளிந்திருக்கின்றன.

இனிக் காலம் எவ்வாறு கழிகின்றது என்பதை நோக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவின் முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பேருந்திலே வந்து, அங்கிருந்து படகேறினால் நயினாதீவு கூப்பிடு தூரம். நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். சோளகக் காற்றின் மாதங்களிலே அந்த ஒரு மணிநேரம் நம்பத்தக்கதன்று. காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடியும் பாடசாலை நாளிலே, நாற்பது நிமிடப் பாடவேளைகள் எட்டு என்பது நெடுங்காலம் நிலவிய ஒழுங்கு. வெளியிலிருந்து நாள்தோறும் வரும் ஆசிரியருக்கு அந்த எட்டின் இரு முனைகளும் படகின் கையில் உள்ளவை. காலையிற் படகு பிந்தினால் முதற்பாடம் போயிற்று. பிற்பகற் படகைப் பிடிக்கவேண்டுமாயின் கடைசிப் பாடத்திலே மனம் இறங்குதுறையை நோக்கிவிடும். மாணாக்கரைத் தடுத்துவைத்து மீள விளக்குதற்கு மாலை என ஒன்று இல்லை. விடுதிகளிலும் வீடுகளிலும் தங்கிக் கற்பிப்போர் இன்றும் உளர். அவர்களைப் பற்றித் தீவக மக்கள் பேசும்போது குரலிலே ஒரு தனி மரியாதை தொனிக்கும். அம்மரியாதை காரணமற்றதன்று.

அலையும் காற்றும் மட்டுமே இக்கடலின் தடைகள் அல்ல. 1985 மே 15 ஆந் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990களின் தொடக்கத்திலே இராணுவ நடவடிக்கைகளை அடுத்து ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு ஆகிய பகுதிகளின் மக்களுட் பெரும்பாலார் இடம்பெயர்ந்தனர். மீள வந்தோர் தொகை முன்னைய தொகையை எட்டவில்லை. பெரிய கட்டடங்களிலே சிறிய வகுப்புகள் இருக்கும் இன்றைய காட்சி அந்த வரலாற்றின் விளைவு. அச்சிறுமை பற்றிப் பின்னர்க் கூறப்படும்.

படகினால் இழக்கப்படும் காலத்தை வலயக் கல்விப் பணிமனை வரவுப் பதிவேட்டிலே காணலாம். எந்தப் பதிவேட்டிலும் வராத காலம் ஒன்று வகுப்பறைக்குள்ளே இழக்கப்படுகின்றது. 1960களிலே நெட் பிளாண்டர்ஸ் வகுப்பறைப் பேச்சைக் கணக்கிடும் முறையொன்றை உருவாக்கினார். ஆசிரியப் பயிற்சி பெற்ற எவரும் அப்பெயரைப் பரீட்சைக்காகவேனும் மனனஞ் செய்திருப்பர். வகுப்பிலே மூன்றில் இரண்டு பங்கு நேரம் யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். அப்பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது. இதனினும் நுண்ணியது மேரி பட் றோ என்னும் விஞ்ஞானக் கல்வியாளர் 1970களிலே கண்டது. ஒலிப்பதிவுகளைக் கொண்டு அவர் அளந்தது, ஆசிரியர் வினாவை விடுத்தபின் விடைக்காகக் காத்திருக்கும் நேரம். சராசரியாக அது ஒரு விநாடியளவே. அதற்குள் விடை வராவிடின் ஆசிரியர் வினாவை மாற்றினார், வேறொருவரை அழைத்தார், அல்லது தாமே விடையைக் கூறினார். காத்திருப்பை மூன்று விநாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன. விடையற்ற மௌனங்கள் குறைந்தன. மாணாக்கர் தாமாக வினாவுவது கூடிற்று. மந்தமானவர் எனக் கருதப்பட்டோர் வாய்திறக்கத் தொடங்கினர். மற்றுமொன்றையும் றோ கண்டார். கெட்டிக்காரர் எனத் தாம் எண்ணிய மாணாக்கருக்கு ஆசிரியர் கூடுதலாகக் காத்திருந்தனர். மற்றையோருக்குக் குறைவாகவே காத்திருந்தனர். காலம் அதிகம் வேண்டியவனுக்குக் காலம் குறைவாக அளக்கப்பட்டது. 'எஞ்சியோர்' எனக் கணிக்கப்பட்ட வகுப்பிலே இது எவ்வாறு நிகழும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

ஒரு பாடவேளையிலே முப்பது வினாக்கள் எழுவதாகக் கொண்டால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு விநாடி கூட்டுவதற்கு வேண்டியது மொத்தமாக ஒரு நிமிடமே. பணம் வேண்டாம், கட்டடம் வேண்டாம், சுற்றுநிருபமும் வேண்டாம். ஆயினும் இது எளிதன்று. படகு பிந்தி வந்த ஆசிரியருக்குப் பாடவிதானம் முடியவில்லை என்ற அச்சம் இருக்கின்றது. மௌனம் அவருக்கு வீண்காலமாகத் தோன்றுகின்றது.

மௌனத்திலே நிகழக்கூடியது யாது என்பதற்கு ஓர் உதாரணத்தை எண்ணிப் பார்க்கலாம். கனிட்ட இடைநிலை விஞ்ஞானத்திலே அடர்த்தி என்றொரு பாடம் உண்டு. நூலிலே வரும் உதாரணங்கள் இரும்பு, தக்கை, மண்ணெண்ணெய். தீவகத்துப் பிள்ளைக்கு இவற்றினும் அணித்தான உதாரணம் வீட்டுக் கிணறு. தீவுகளிலே ஆறு இல்லை; சுண்ணக்கல் நிலத்திலே இறங்கும் மழைநீர்தான் நன்னீர். நிலத்தின் கீழே கடல்நீரும் ஊடுருவி நிற்கின்றது. கடல்நீர் நன்னீரினும் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அளவு அடர்த்தி கூடியது. அந்தச் சிறு வேறுபாட்டினாலே நன்னீர் ஒரு வில்லையைப் போல உவர்நீரின் மேலே மிதந்துகொண்டிருக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால் அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்னும் விதியை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பியக் கடற்கரைகளை ஆராய்ந்த கைபென், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவர் தனித்தனியே கண்டனர். அவ்விதியை மறுபக்கமாகப் படித்தால் அச்சம் தரும்: மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடி உவர் ஏறுகின்றது. துலாவினால் இறைத்த காலத்திலே நீர் மெல்ல வெளியேறி மெல்ல ஊறிற்று. இயந்திரத்தால் விரைந்து இறைக்கும்போது கீழுள்ள உவர் கூம்பாக மேலெழுந்து கிணற்றிலே கலந்துவிடுகின்றது.

இப்போது ஓர் ஆசிரியை எட்டாம் வகுப்பிலே வினாவுகின்றார் எனக் கொள்வோம்: மாரி முடிந்ததும் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருக்கும், ஆவணியிலே எப்படி இருக்கும், ஏன்? ஒரு விநாடியிலே முன்வாங்கிலிருந்து வரக்கூடிய விடை, "வெயிலுக்கு உப்புக் கூடும், ரீச்சர்" என்பது. அது முழுப் பிழையன்று. ஆசிரியை அதனை ஏற்றுக்கொண்டு இரும்புக்கும் தக்கைக்கும் போய்விடலாம். இன்னும் இரண்டு விநாடி பொறுத்தாரெனின், வீட்டிலே நாள்தோறும் தண்ணீர் அள்ளும் ஒரு சிறுமி கூறக்கூடும்: "மேலால அள்ளினா நல்ல தண்ணி ரீச்சர். வாளியை ஆழ விட்டா உவர்." இந்த ஒரு வாக்கியத்திலே அடர்த்திப் பாடம் முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. அதனைச் சொன்னவளுக்கு அடர்த்தி என்ற சொல் தெரியாது. சொல்லைத் தெரிந்த முன்வாங்குக்கோ கிணறு தெரியவில்லை. பின்னர் வேண்டியன ஒரு போத்தல் கடல்நீர், மைத்துளி கலந்த நன்னீர், மெல்ல ஊற்றுதற்கு ஒரு கரண்டி. நிறநீர் மேலே நிற்பதை வகுப்பு காணும். இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. நூல் தருவதற்கும் பிள்ளை அறிந்ததற்கும் இடையே பாலம் கட்டுவதே கற்பித்தல் எனின், அப்பாலத்தின் முதற்கல் பிள்ளையின் வாயிலிருந்து வரவேண்டும். அதற்கு அவள் வாய்திறக்கும்வரை யாரேனும் காத்திருக்கவேண்டும்.

ஊரைப் பாடமாக்கும் முயற்சி இலங்கையிலே முன்பே நடந்தது, அது தோற்றது. அத்தோல்வியை விரிவாக நோக்காமல் தீவகத்துக்கு எதனையும் விதந்துரைப்பது பொறுப்பாகாது. 1971 ஏப்பிரலிலே படித்த கிராமத்து இளைஞரின் கிளர்ச்சி நாட்டை உலுக்கிற்று. அதே ஆண்டில் டட்லி சியர்ஸ் தலைமையிலே வந்த சர்வதேசத் தொழில் நிறுவனக் குழு, இளைஞரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் தொழிலுக்கும் உள்ள இடைவெளியைச் சுட்டிக்காட்டிற்று. 1972 இலே பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சராயிருந்தபோது வந்த சீர்திருத்தம், ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே கலைத்திட்டத்தை வகுத்தது. அதுவரை விஞ்ஞானம் பல கிராமப் பாடசாலைகளுக்கு எட்டாப்பொருளாயிருந்தது. ஒன்றிணைந்த விஞ்ஞானம் என்னும் பெயரில் அது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று. வரலாறும் புவியியலும் சமூகக் கல்வியாக இணைந்தன. தொழில்முன்னிலைப் பாடங்கள் புகுந்தன. அவற்றுள் உள்ளூர்த் தொழிலையே பாடமாக்கவும், அதன் பாடவிதானத்தை ஊரவரின் அறிவைக் கொண்டு பாடசாலையே ஆக்கவும் இடமளிக்கப்பட்டது. களங்கட்டி வலையும், பனையோலை வேலையும், வள்ளங்கட்டும் தச்சும் வாழ்ந்த தீவகத்துக்கு இதனினும் பொருத்தமான ஏற்பாடு வேறொன்று இருந்திருக்கமுடியாது என ஏட்டளவிலே தோன்றும். 1975 இலே புதிய தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரப் பரீட்சை முதன்முறையாக நடந்தது. 1977 இலே ஆட்சி மாறியது. பழைய சாதாரணதரப் பரீட்சை மீண்டது. தொழில்முன்னிலைப் பாடங்கள் மறைந்தன.

ரொனால்ட் டோர் 1976 இல் வெளியிட்ட நூலிலே இங்கிலாந்து, ஜப்பான், கென்யா ஆகியவற்றோடு இலங்கையையும் எடுத்து ஆராய்ந்தார். சான்றிதழே வேலைக்கு வாயிலாகும் நாட்டிலே கல்வி பரீட்சைக்காகவே நடக்கும் என்பது அவர் முடிபு. அரசாங்கம் மாறியமையால் மட்டும் அச்சீர்திருத்தம் வீழ்ந்ததெனக் கூறல் பொருந்தாது. பெற்றோர் அதனை விரும்பவில்லை. தகப்பன் கடலிலே கற்பிப்பதைக் கற்கவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம் என்ற கேள்விக்குத் திட்டமிட்டவரிடம் விடை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலே அக்கேள்விக்கு மேலும் இரண்டு கூர்கள் இருந்தன. ஒன்று, 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல். பல்கலைக்கழக வாயில் தமிழ் மாணாக்கருக்கு ஒடுங்கியபோது, அவ்வாயிலிலே மதிப்பற்ற எப்பாடமும் சுமையாகவே தோன்றிற்று. மற்றையது சாதி. தொழில் பிறப்போடு ஒட்டியிருந்த சமூகத்திலே, ஊர்த்தொழிலைப் பாடமாக்குதல் குலத்தொழிலைப் பிள்ளையின் நெற்றியில் எழுதுவதாகும் என்ற ஐயம் எழாதிருக்க முடியாது. 1953 இலே சென்னை மாகாணத்தில் இராஜாஜி கொண்டுவந்த திட்டம், பாடசாலை நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தைப் பெற்றோரின் தொழிலுக்கு விட்டமையால் குலக்கல்வி என்று பெயர்பெற்று, அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. இலங்கைத் திட்டம் அத்தகையதன்று. அது எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் பாடசாலையினுள்ளேயே நடந்தது. ஆயினும் ஐயத்தின் வேர் ஒன்றுதான். கடற்றொழிலாளியின் மகள் அடர்த்தியைக் கிணற்றிலிருந்து கற்பதற்கும், கடற்றொழிலாளியின் மகன் வலை பின்னுதலைப் பாடமாகக் கற்பதற்கும் வேறுபாடு பெரிது. முன்னையது ஊரிலிருந்து தொடங்கி உலகத்து விஞ்ஞானத்துக்கு இட்டுச்செல்கின்றது; பின்னையது ஊரிலே தொடங்கி ஊரிலேயே விட்டுவிடலாம். 1972 இன் சீர்திருத்தத்திலே இரண்டும் கலந்து கிடந்தன. முன்னையதையும் பின்னையதோடு சேர்த்துப் பெற்றோர் தள்ளினர்.

அதன்பின் வந்த மாற்றங்களை விரைந்து கடக்கலாம். 2007 இலே ஆறாம், பத்தாம் வகுப்புகளிலிருந்து தேர்ச்சி மையக் கலைத்திட்டம் தொடங்கிற்று. ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என ஐந்து படிகளிலே பாடம் நடத்தவேண்டும் என்று மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகள் கூறின. அமெரிக்க உயிரியற் கலைத்திட்டக் குழுவொன்று 1980களில் உருவாக்கிய மாதிரி அது, நல்ல மாதிரியே. ஆனால் வழிகாட்டியின் குழுச்செயற்பாடுகள் பெரிய வகுப்பையும் இடையறாது வரும் ஆசிரியரையும் மனத்திற்கொண்டவை. கொழும்புப் பல்கலைக்கழகத்துத் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் எட்டாம் வகுப்பு மாணாக்கரின் அடைவை நாடளாவிய முறையில் அளந்துவந்துள்ளது. நகரப் பாடசாலைகள் கிராமத்தவற்றை விஞ்சுவதும், பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளை விஞ்சுவதும் அவ்வறிக்கைகளிலே திரும்பத் திரும்ப வருவன. அவை மாகாணம் மாகாணமாகக் கூறுவன. எனவே நெடுந்தீவின் ஒரு வகுப்பு வடமாகாணச் சராசரிக்குள்ளே மறைந்துபோகும். தீவகத்தைத் தனியே காணவேண்டின் அதற்கென வேறோர் ஆய்வு செய்யப்படவேண்டும்.

வகுப்பின் சிறுமையை இப்போது எடுத்துக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் அமர்ந்திருக்கும் வகுப்பைக் கண்டவுடன் நிருவாகிக்குத் தோன்றுவது அதனை மூடும் எண்ணம். பெற்றோருக்குத் தோன்றுவது அவமானம். ஆய்வுகளோ வேறு கதை சொல்லும். புளூம் 1984 இலே, தனித்தனியே கற்பிக்கப்பட்ட சராசரி மாணாக்கன் வழமையான வகுப்பிலே கற்ற நூறு பேரிற் தொண்ணூற்றெட்டுப் பேரை விஞ்சினான் என அறிவித்தார். பின்வந்த ஆய்வுகள் அத்துணைப் பெரிய பயனைக் காணவில்லை. ஆயினும் பயன் உண்டென்பதை அவை மறுக்கவுமில்லை. தனிக் கற்பித்தலுக்கு ஓரளவேனும் அணித்தாக அரச பாடசாலை வரக்கூடிய இடம் இத்தகைய சிறு வகுப்பே. ஆனால் வகுப்பு சிறுத்தவுடன் கற்பித்தல் தானாக மாறிவிடாது. நாற்பது பேருக்கு ஆற்றும் விரிவுரையைப் பத்துப்பேருக்கு ஆற்றுவதிலே இலாபம் ஒன்றுமில்லை. குரல் மட்டுமே மிச்சம்.

மாறவேண்டியது யாது என்பதற்கு ஒரு சான்று. 1988 இலே ரூத் பட்லர் இஸ்ரேலியப் பாடசாலைகளிலே பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை மூன்று குழுவாக்கினார். ஒரு குழுவின் வேலைக்குப் புள்ளி மட்டும் இடப்பட்டது. இன்னொன்றுக்குக் குறிப்புரை மட்டும். மூன்றாவதற்குப் புள்ளியும் குறிப்புரையும். குறிப்புரை மட்டும் பெற்றவரே முன்னேறினர். புள்ளியைக் கண்ட பிள்ளை அருகிலுள்ள குறிப்புரையைப் படிக்கவில்லை போலும். போல் பிளக், டிலன் வில்லியம் ஆகிய இருவரும் 1998 இலே ஏறத்தாழ 250 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, கற்பிக்கும் வேளையிலேயே கற்றலைக் கணித்துத் திருத்திச் செல்லும் முறையினால் பின்தங்கிய மாணாக்கரே கூடுதலாகப் பயன்பெறுவர் என்றனர். நாற்பது கொப்பிகளுக்குக் குறிப்புரை எழுதுதல் நகரத்து ஆசிரியருக்குத் தண்டனை. பத்துக் கொப்பிகளை நெடுந்தீவு ஆசிரியர் திரும்பும் படகிலேயே முடித்துவிடலாம், கடல் அமைதியாயிருப்பின்.

நன்னூலின் இன்னொரு கூற்றும் இவ்விடத்தே நினைவுக்கு வருகின்றது. ஆசிரியன் உரைத்ததைச் செம்மையாகக் கேட்டாலும் கிடைப்பது காற்பங்கு. உடன் கற்பாரோடு பழகி மற்றொரு காற்பங்கு. பிறருக்கு உரைத்து எஞ்சிய அரைப்பங்கு. ஆசிரியர் வராத நாளிலே ஏழாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் ஒரே அறையில் இருத்துதல் தீவகத்திலே அரிதன்று. அதனை வெறும் காவலாகக் கொள்ளாது, எட்டாம் வகுப்பார் ஏழாம் வகுப்பாருக்கு முன்னாண்டுப் பாடத்தை உரைக்கும் வேளையாகத் திட்டமிட்டால் இழந்த பாடவேளையிற் சிறிது மீளும். திட்டம் முன்பே எழுதப்பட்டிருத்தல் வேண்டும். படகு வராத காலையிலே அதிபர் அதனை ஆக்கமுடியாது.

தீவக வகுப்பறை பற்றிய ஆய்வு அறவே நடைபெறுவதில்லை எனல் தகாது. கல்வியியற் கல்லூரிகளிலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பயிலும் ஆசிரியர்கள் தத்தம் வகுப்பிலேயே செயல்நிலை ஆய்வு செய்து அறிக்கை எழுதுகின்றனர். அவ்வகை அறிக்கை புள்ளி பெறுதற்காக எழுதப்படுகின்றது. புள்ளி பெற்றபின் நிறுவனத்து அலுமாரியிலே உறங்குகின்றது. எழுதியவர் இடமாற்றம் பெற்றுப் போகின்றார். அடுத்து வருபவர் அதே பாடத்தை, அதே ஊர்ப் பிள்ளைகளுக்கு, எதுவும் அறியாதவராய்த் தொடங்குகின்றார். பிள்ளைகளோ ஐந்து ஆசிரியரைக் கண்டவர்கள். ஆசிரியர் மாறுவதைத் தடுத்தல் எளிதன்று. அவர் அறிந்தது அவரோடு படகேறாமல் தடுத்தல் இயலும். அறிக்கையின் ஒரு பிரதி ஆய்வு நடந்த பாடசாலையிலே இருக்கவேண்டும் என்பதைத் தீவக வலயம் ஒரு விதியாக்கலாம். அதனினும் எளியது, பாடத்துக்கொரு கொப்பி ஆசிரியர் அறையிலே இருத்தல். அதிலே கோட்பாடு எதுவும் வேண்டாம். எட்டாம் வகுப்பு, அடர்த்தி. கிணற்றைப் பற்றி வினாவியபோது மூவர் உப்பு மண்ணைப் போல அடியிலே படிந்துவிடும் என்றனர். கரைந்ததையும் படிந்ததையும் ஒன்றாகக் கருதுகின்றனர். போத்தலை அறையிலேயே வைத்து மறுநாளும் பார்க்கச் செய்தபின் இருவர் கருத்தை மாற்றினர். ஒருவர் இன்னும் மாற்றவில்லை.